இரண்டு முறை பிடிபட்ட கப்பல்

1779-ல் பிரான்சில் கட்டிய கப்பல். பெயரும் பிரெஞ்சுப் பெயர். மூழ்கியபோது அதில் பறந்தது ஆங்கிலேயக் கொடி. கிடப்பது டச்சுக்காரர்களின் மணலில். வயிற்றுக்குள் இருந்த தங்கத்துக்கு நஷ்டஈடு கொடுத்தவர்கள் லண்டன் இன்சூரன்ஸ்காரர்கள். சரி, அந்தக் கப்பல் யாருடையது?

கேட்டால் விடுகதை மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு அரசாங்கங்களும் ஒரு இன்சூரன்ஸ் சந்தையும் பல பத்தாண்டுகள் இதற்குப் பதில் தேடியிருக்கின்றன. கப்பலின் பெயர் லூட்டீன். பாய்மரக் காலத்துப் போர்களில் எதிரியின் கப்பலைப் பிடிப்பது என்றால் என்ன, பிடித்த பிறகு அதை என்ன செய்வார்கள், அது தொலைந்தால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு கப்பலின் கதையே போதும். முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

கடற்போர் பற்றி ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்குபவர் தடுக்கி விழும் முதல் சொல் 'பிரைஸ்'. பரிசு என்று எடுத்துக்கொண்டால் வாக்கியம் பிடிபடாது. 'பிடித்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. பிரைஸ் என்றால் போரில் மடக்கிப் பிடித்த கப்பல், அவ்வளவுதான்.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு பழைய வழக்கம் உண்டு. வெட்சிப் பூச்சூடிப் போய் எதிரியின் ஆநிரையைக் கவர்ந்து வந்தவர்கள், அவற்றை ஊர் மன்றத்தில் நிறுத்தி அவரவர் பங்கைப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பிரிப்புக்குப் பாதீடு என்று இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது. ஐரோப்பியக் கடற்படைகளில் நடந்ததும் பாதீடுதான். மாட்டுக்குப் பதில் கப்பல், ஊர் மன்றத்துக்குப் பதில் நீதிமன்றம்.

ஏன் மூழ்கடிக்காமல் பிடிக்கிறார்கள் என்று தோன்றலாம். இரண்டு காரணம். ஒன்று, மரக்கப்பலைக் குண்டடித்து மூழ்கடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இரும்புக் குண்டு பக்கப் பலகையில் ஓட்டை போடும். தச்சன் ஓடிப்போய் உள்ளேயிருந்து மரக்கட்டை வைத்து அடைத்துவிடுவான். பாய்மரங்கள் முறிந்து, ஆட்கள் செத்து, இனி முடியாது என்ற நிலை வந்தால் கேப்டன் கொடியை இறக்கிவிடுவார். கொடி இறங்கினால் சண்டை முடிந்தது. இரண்டாவது காரணம் பணம். ஒரு போர்க்கப்பலுக்கு ஒரு காடே வேண்டும். நன்கு முற்றிய ஓக் மரம் கிடைக்கத் தலைமுறைகள் ஆகும். அப்படிக் கட்டிய ஒன்று கைக்கு வரும்போது அதைக் கடலடிக்கு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

கொடி இறங்கியதும் வெற்றி பெற்ற கப்பலிலிருந்து ஓர் இளம் அதிகாரியும் கொஞ்சம் மாலுமிகளும் அந்தப் பக்கம் ஏறுவார்கள். கைதிகளை அடித்தளத்தில் அடைத்துவிட்டு, உடைந்த பாய்மரத்தை ஒப்பேற்றிக் கட்டி, துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போவது இவர்கள் வேலை. வழியில் எதிரி வந்து திரும்பப் பிடித்துவிட்டால் பிடித்ததெல்லாம் வீண்.

துறைமுகத்துக்கு வந்த பிறகும் கப்பல் உடனே சொந்தமாகிவிடாது. இதற்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. தவணை கட்டாத வண்டியை ஃபைனான்ஸ்காரர் தூக்கிப் போனாலும், காகிதம் சரியாக இல்லாவிட்டால் ஏலம் விட முடியாது, இல்லையா? அதுபோல, இது எதிரியின் கப்பல்தான், நடுநிலை நாட்டுடையது அல்ல என்று நிரூபிக்க வேண்டும். வணிகக் கப்பல் என்றால் இங்கேதான் வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும். சரக்கு யாருடையது, கடிதங்கள் போலியா, வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு என்று போகும். போர்க்கப்பலில் அந்தத் தகராறு குறைவு. பீரங்கியோடு நிற்கிறவன் யாரென்று பார்த்தாலே தெரியும்.

தீர்ப்பு வந்ததும் கடற்படை அந்தக் கப்பலை மதிப்பிட்டு விலைக்கு வாங்கும். ஆமாம், தன் ஆட்களே பிடித்த கப்பலைத் தானே காசு கொடுத்து வாங்கும். அந்தக் காசு பிடித்தவர்களுக்குப் போகும். எதிரிக் கப்பலில் இருந்த ஆட்களைத் தலைக்கு 5 பவுண்ட் வீதம் எண்ணி இன்னொரு தொகையும் உண்டு.

இனி பாதீடு. பிரிட்டிஷ் கடற்படையில் 1808 வரை இருந்த கணக்கு எட்டுப் பங்கு. கேப்டனுக்கு மூன்று பங்கு. அவர் ஓர் அட்மிரலின் கீழ் இருந்தால் அதில் ஒன்று அட்மிரலுக்கு. லெப்டினன்ட்கள் முதலான உயர் அதிகாரிகளுக்கு ஒரு பங்கு, அடுத்த நிலைக்கு ஒன்று, அதற்கும் அடுத்த நிலைக்கு ஒன்று. மீதி இரண்டு பங்கு கப்பலில் இருக்கும் அத்தனை மாலுமிகளுக்கும். ஒரு பக்கம் ஒரே ஆள், மறுபக்கம் இருநூறு பேர். மாலுமிகள் இதைப் பற்றி முணுமுணுக்காமல் இருந்திருப்பார்கள் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனாலும் ஆசை விடாது. 1799 அக்டோபரில் நான்கு பிரிட்டிஷ் ஃபிரிகேட்டுகள் தெட்டிஸ், சாந்தா பிரிகிடா என்ற இரண்டு ஸ்பானியக் கப்பல்களை வெள்ளி நாணயங்களோடு பிடித்தன. ஒவ்வொரு கேப்டனுக்கும் 40,730 பவுண்ட். ஒவ்வொரு மாலுமிக்கும் 182 பவுண்டும் சில்லறையும். கிட்டத்தட்ட பத்து ஆண்டுச் சம்பளம். இந்த அக்டோபரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவோம்.

குறும்புக்காரி

லூட்டீன் கட்டப்பட்டது தெற்குப் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில். கடலில் இறங்கியது 1779 செப்டம்பரில். 32 பீரங்கிகள் கொண்ட ஃபிரிகேட். ஃபிரிகேட் என்பது முக்கியப் பீரங்கிகள் ஒரே தளத்தில் இருக்கும் வேகமான போர்க்கப்பல். பெரிய போர்க்கப்பல்கள் யானை என்றால் இது குதிரை. வேவு பார்க்க, செய்தி கொண்டுபோக, வணிகக் கப்பல்களுக்குக் காவல் போக இதைத்தான் அனுப்புவார்கள். பெயருக்குக் குட்டிப் பிசாசு, குறும்புக்காரி என்றெல்லாம் பொருள் சொல்லலாம். பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் பெயர் வைத்தவருக்கு நாக்கில் மச்சம் இருந்ததோ என்று தோன்றும்.

இந்தக் கப்பல் பிடிபட்ட விதம் மேலே சொன்ன சட்டதிட்டம் எதிலும் சரியாக அடங்காது. அதனால்தான் எனக்கு இதில் கூடுதல் சுவாரசியம்.

1793-ல் பிரான்சில் புரட்சி உச்சத்தில் இருந்தது. ஜனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை போயிற்று. தூலோன் நகரத்தில் மன்னராட்சிக்கு ஆதரவானவர்கள் கை ஓங்கியது. புரட்சிப் படை வந்தால் தங்கள் தலையும் போகும் என்று தெரிந்ததால், ஆகஸ்ட் கடைசியில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹூட்டின் கடற்படையைத் துறைமுகத்துக்குள் விட்டார்கள். எதிரி நாட்டின் முக்கியமான கடற்படைத் தளத்துக்குள் ஒரு குண்டுகூட வெடிக்காமல் நுழைவது ஹூட் கனவிலும் எதிர்பார்த்திராத விஷயம். அவர் கொடுத்த வாக்குறுதியைக் கவனியுங்கள்: நகரத்தையும் கப்பல்களையும் சிறுவன் பதினேழாம் லூயியின் பேரில் பத்திரமாக வைத்திருப்போம், சமாதானம் வந்ததும் திருப்பித் தருவோம்.

டிசம்பரில் புரட்சிப் படை துறைமுகத்தை மேலேயிருந்து குறிபார்க்கும் குன்றுகளைப் பிடித்தது. அந்தப் பீரங்கிகளை எங்கே வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் 24 வயது நெப்போலியன் போனபார்ட். இனி தாங்காது என்று தெரிந்ததும் ஹூட் வெளியேறினார். கிளம்பும்போது முடிந்த மட்டும் பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் தீ வைத்தார்கள். முடிந்தவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். டிசம்பர் 18-ல் அப்படிக் கைமாறியவற்றில் லூட்டீனும் ஒன்று.

கொடியை யாரும் இறக்கவில்லை. சண்டை போட்டுப் பிடிக்கவில்லை. 'பத்திரமாக வைத்துத் தருகிறேன்' என்று பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப்போன நகை மாதிரி. சிறுவன் லூயி 1795-ல் சிறையிலேயே இறந்துபோனான். அந்த ஆண்டே கப்பலைப் பிரித்துச் சீரமைத்து, 38 பீரங்கிகள் கொண்ட ஃபிரிகேட் என்று கணக்கில் எழுதிக்கொண்டது பிரிட்டிஷ் கடற்படை. திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சே இல்லை.

பிரெஞ்சு எடை, ஆங்கில எடை

சீரமைப்பு என்றதும் பெயின்ட் அடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பீரங்கியை அது சுடும் குண்டின் எடையை வைத்துத்தான் அழைப்பார்கள். '12 பவுண்டர்' என்றால் 12 பவுண்ட் குண்டு. இரண்டு நாட்டிலும் 12 பவுண்டர் இருந்தது. ஆனால் பிரெஞ்சுப் பவுண்ட் சுமார் 489 கிராம். ஆங்கிலப் பவுண்ட் 454 கிராம். பிரெஞ்சு 12 பவுண்ட் குண்டு ஏறத்தாழ 5.9 கிலோ இருக்கும், ஆங்கிலக் குண்டு 5.4 கிலோ. பெயர் ஒன்று, குழாயின் விட்டம் வேறு. ஆங்கிலக் குண்டைப் பிரெஞ்சுப் பீரங்கியில் போட்டால் உள்ளே லொடலொடவென்று ஆடி, குறி தவறிப் போகும். பிரெஞ்சுக் குண்டு ஆங்கிலப் பீரங்கிக்குள் நுழையவே நுழையாது. நடுச்சண்டையில் எந்தக் குண்டு எந்தப் பீரங்கிக்கு என்று பொறுக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே பிடித்த கப்பலில் இருந்த பீரங்கிகளை இறக்கிவிட்டுத் தங்களுடையதை ஏற்றுவது வழக்கம்.

கப்பலை உலர்துறையில் ஏற்றியதும் இன்னொரு வேலையும் நடக்கும். அதன் உடல் வளைவுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போடுவார்கள். பிரெஞ்சுக் கட்டுமானம் மெல்லியது, அடிக்கடி பழுதுக்கு வரும் என்று ஆங்கிலேயர்கள் குறை சொன்னார்கள். ஆனால் வேகத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். குறையும் சொல்லி, காப்பியும் அடித்தார்கள் என்பதுதான் நடந்தது. 1782-ல் பிடிபட்ட ஏபே என்ற பிரெஞ்சு ஃபிரிகேட்டின் வளைவுகளைப் பார்த்து லீடா என்ற வகைக் கப்பல்களைக் கட்டினார்கள். அந்த வகையில் ஒன்றை மும்பையில் வாடியா குடும்பத்தினர் தேக்கு மரத்தில் கட்டி, 1817-ல் கடலில் இறக்கினார்கள். பெயர் ட்ரிங்கோமலி. ஆம், நம் திருகோணமலைதான். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

பெயரைப் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள், அதே பெயரில் தங்களிடம் வேறு கப்பல் இருந்தால் ஒழிய. எதிரியின் பெயரைத் தன் கப்பல் பட்டியலில் வைத்திருப்பது ஒரு பெருமை. சுவரில் மாட்டிய மான்கொம்பு மாதிரி. லூட்டீனும் லூட்டீனாகவே இருந்தது. மாற்றும்போது சில வேடிக்கைகள் நடக்கும். 1794-ல் கோர்சிகாத் தீவின் சான் ஃபியொரென்சோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தாங்களே மூழ்கவிட்ட மினெர்வ் என்ற ஃபிரிகேட்டை, ஆங்கிலேயர்கள் தூக்கி நிறுத்தி அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 1808 மார்ச்சில் அதே சான் ஃபியொரென்சோ, நம் கன்னியாகுமரிக்கு அப்பால் மன்னார் வளைகுடாப் பக்கம் பியெமோன்தேஸ் என்ற பிரெஞ்சுக் கப்பலை விரட்டிப் பிடித்தது. விட்டு விட்டு மூன்று நாள் சண்டை. கடைசி நாளில் பிரிட்டிஷ் கேப்டன் ஹார்டிங் கொல்லப்பட்டார். பிடிபட்ட கப்பலில் 366 பிரெஞ்சுக்காரர்களோடு, பாய்களைக் கையாள ஏறக்குறைய 200 லஸ்கர்கள், அதாவது ஆசிய மாலுமிகள், இருந்ததாகப் பிரிட்டிஷ் அறிக்கை சொல்கிறது. யாருடைய போர், யாருடைய பாய்! பிடிபட்ட கப்பல் இன்னொன்றைப் பிடிக்க, அதுவும் பெயர் மாறாமல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது.

அக்டோபர் 9

லூட்டீனின் பிரிட்டிஷ் வாழ்க்கை பெரும்பாலும் வடகடலில் கழிந்தது. டச்சுத் துறைமுகங்களை முற்றுகையிடும் வேலை. அன்று டச்சு நாடு பிரான்சின் பக்கம் சேர்ந்து பிரிட்டனோடு போரில் இருந்தது. 1799-ல் கப்பலின் கேப்டன் லான்சலட் ஸ்கின்னர்.

அந்த ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வணிகம் தள்ளாடியது. கடைகள் திவாலாகிக்கொண்டிருந்தன. லண்டன் வணிகர்கள் அங்கே ரொக்கம் அனுப்பினால்தான் கைமாற்றுச் சங்கிலி அறுந்து போகாமல் இருக்கும். வழக்கமான தபால் கப்பல் கிடைக்கவில்லை. வணிகர்கள் அட்மிரல் டங்கனிடம் போய், அரசரின் கப்பல் ஒன்றைத் தரக் கேட்டார்கள். அவர் லூட்டீனைக் கொடுத்தார். தங்கக் கட்டி, வெள்ளிக் கட்டி, நாணயங்கள், அவற்றோடு கப்பலுக்காகக் காத்துக் கிடந்த தபால் மூட்டைகள், சில பயணிகள். மொத்தம் சுமார் 240 பேர். ஏற்றிய பணம் சுமார் 12 லட்சம் பவுண்ட் என்று வழக்கமாகச் சொல்வார்கள். இந்தச் சரக்குக்குக் காப்பீடு கொடுத்த லண்டன் இன்சூரன்ஸ் சந்தையான லாய்ட்ஸின் ஆவணங்கள் 1838 தீவிபத்தில் எரிந்துபோனதால் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

அக்டோபர் 9 காலையில் இங்கிலாந்தின் யார்மத்திலிருந்து கிளம்பியது. போக வேண்டிய இடம் எல்பே ஆற்று முகத்தில் உள்ள குக்ஸ்ஹாஃபென். டச்சுக் கரையோரமாக வடகிழக்கே போக வேண்டும். அந்தக் கரைக்கு வெளியே வரிசையாகத் தீவுகள். தீவுகளுக்கும் நிலத்துக்கும் நடுவே ஆழமில்லாத வாடன் கடல். வ்லீலாண்ட், டெர்ஸ்கெலிங் என்ற இரண்டு தீவுகளுக்கு இடையே உள்ள வாய்க்கு வ்லீ என்று பெயர்.

இரவில் வடமேற்கிலிருந்து புயல் பிடித்தது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாய்மரக் கப்பல்கள் தொலைந்த கதைகளில் பாதி இதுதான். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கிறது, கப்பல் கரைக்கு வெளியே இருக்கிறது. தப்பிக்க வேண்டுமென்றால் காற்றை எதிர்த்து வெளியே போக வேண்டும். சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றுக்கு நேர் எதிரே போகாது. கிட்டத்தட்ட பக்கவாட்டாகத்தான் போகும். அப்படிப் போகும்போதும் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். புயலில் பாய்களைச் சுருக்கினால் வேகம் போகும், தள்ளல் கூடும். பாய்களை விரித்தால் மரம் முறியும். இதற்கு மேல் லூட்டீனுக்கு இன்னொரு சனியன் சேர்ந்தது: நீரோட்டம். நம் கரையில் நீவாடு என்பார்களே, அது. ஓதம் ஏறும்போது கடல்நீர் முழுவதும் அந்தத் தீவு இடுக்குகள் வழியாகத்தான் வாடன் கடலுக்குள் நுழைய வேண்டும். மதகைத் திறந்ததும் வாய்க்கால் இழுக்குமே, அப்படி இழுக்கும். இருட்டில், நட்சத்திரம் தெரியாத வானத்தில், ஓடிய வேகத்தையும் திசையையும் வைத்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று கேப்டன் கணக்குப் போட வேண்டும். நீவாடு எவ்வளவு இழுத்தது என்று அந்தக் கணக்கில் வராது.

வ்லீயின் வெளி மணல்திட்டில் கப்பல் ஏறியது. மணல் என்றால் மெத்து மெத்தென்று இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வோர் அலையும் கப்பலைத் தூக்கித் திட்டின்மேல் போடும். உரலில் உலக்கை விழுவதுபோல. எவ்வளவு நல்ல ஓக் மரமும் அதை ராத்திரி முழுக்கத் தாங்காது. அந்த அலையில் படகு எதுவும் பக்கத்தில் போய்ச் சேரும் நிலையும் இல்லை.

அப்போது வ்லீலாண்ட் பகுதியில் இருந்த பிரிட்டிஷ் பிரிவின் தலைவர் போர்ட்லாக். மறுநாள் அவர் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார்: கப்பல் போய்விட்டது, காப்பாற்றப்பட்டவர் ஒரே ஒருவர். இறந்தவர்களில் இருநூறு பேர் அளவில் டெர்ஸ்கெலிங்கில் பிரண்டாரிஸ் கலங்கரை விளக்கத்தின் அருகே ஒன்றாகப் புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். மேலே குறிக்கச் சொன்ன ஸ்பானிய வெள்ளிக் கப்பல்கள் பிடிபட்டது இதற்கு அடுத்த வாரம்.

மூழ்கிய பிறகும் பிடிபடலாம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மூழ்கிய போர்க்கப்பல் யாருடையது? இன்றைக்குப் பல நாடுகள் ஏற்கும் கருத்து, அது எந்தக் கடலில் கிடந்தாலும் அதன் கொடிக்குரிய நாட்டுடையது என்பதுதான். ஆனால் 1799-ல் டச்சுக்காரர்கள் வேறுமாதிரி பார்த்தார்கள். பிரிட்டன் எங்களோடு போரில் இருக்கிறது. அதன் போர்க்கப்பல் எங்கள் கரையில் சிக்கியிருக்கிறது. ஆகவே அது போரில் கிடைத்த பொருள். கப்பல் மிதக்கிறதா மூழ்கிவிட்டதா என்பது பெரிய விஷயமில்லை. தூலோனில் பிடிபட்ட லூட்டீன் இப்படி இரண்டாம் முறையும் பிடிபட்டது.

இன்னொரு பக்கம் லாய்ட்ஸ். இது கம்பெனி இல்லை, ஒரு சந்தை. எட்வர்ட் லாய்ட் என்பவரின் காபிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசியதிலிருந்து வளர்ந்தது. ஒரு கப்பலின் ஆபத்தை ஒருவரே தலையில் சுமக்காமல், பலர் தாளில் கையெழுத்துப் போட்டு ஆளுக்குக் கொஞ்சமாக ஏற்றுக்கொள்வார்கள். போரின் நடுவில், அவ்வளவு பெரிய தொகையையும் அவர்கள் வணிகர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். இன்சூரன்ஸில் ஒரு விதி உண்டு: நஷ்டத்தை முழுசாகக் கொடுத்தவர், தொலைந்த பொருள் பின்னால் கிடைத்தால் அதற்கு உரிமை கேட்கலாம். திருடுபோன வண்டிக்குப் பணம் வாங்கிவிட்டால், வண்டி கிடைக்கும்போது அது கம்பெனிக்குத்தானே? அந்தக் கணக்கில் தங்கம் தங்களுடையது என்றது லாய்ட்ஸ்.

தூரத்தில் இப்படி உரிமை பேசிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். கப்பல் கிடந்தது ஏழு எட்டு மீட்டர் ஆழத்தில்தான். எடுப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு, அரசுக்கு இரண்டு பங்கு என்று ஒப்பந்தம். இதுவும் ஒரு பாதீடு. அடுத்த ஒன்றரை ஆண்டில் தீவின் மீனவர்கள் இடுக்கிகளும் வலைகளும் கொண்டு 58 தங்கக் கட்டி, 35 வெள்ளிக் கட்டி, ஆயிரக்கணக்கில் நாணயங்கள் எடுத்தார்கள். சுமார் 83,000 பவுண்ட் மதிப்பு. அதன்பிறகு மணல் நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. அந்த இடத்தின் குணம் அது. இன்று பள்ளம், நாளை மேடு. பெட்டகத்துக்குப் பூட்டும் காவலும் மணலே.

1821-ல் தீவின் அதிகாரி பியேர் எஷோசியே, அரசரிடம் ஆணை வாங்கித் திரும்பத் தோண்டினார். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. 1823-ல் டச்சு மன்னர் தன் அரசுக்குரிய பங்கை பிரிட்டிஷ் மன்னருக்கு விட்டுக்கொடுத்தார். அவரிடமிருந்து அது லாய்ட்ஸுக்கு வந்தது. அதாவது இரண்டாம் முறை பிடித்தவர்கள் தங்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தூலோன் கப்பலுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

1857-ல் கடல் மனது வைத்தது. கப்பல் கிடந்த இடத்தின் ஊடாகவே புதிய நீர்வழி ஒன்று தானாக வெட்டிக்கொண்டது. மணல் விலகியது. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் தங்கமும் வெள்ளியும் வந்தன. சுக்கானும் வந்தது, அதன் மரத்தில் லாய்ட்ஸுக்கு ஒரு நாற்காலியும் மேசையும் செய்தார்கள். 1858 ஜூலையில் கப்பலின் மணி கிடைத்தது. சுமார் 48 கிலோ வெண்கலம். அதில் லூட்டீன் என்று பெயர் இல்லை. 'சான் ழான், 1779' என்றுதான் பொறித்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் கட்டி, ஆங்கிலேயர் ஓட்டி, டச்சு மணலில் கிடந்த கப்பலில் மணி வேறு யார் பெயரிலோ.

லண்டனில் லாய்ட்ஸின் கூடத்தில் அதைத் தொங்கவிட்டார்கள். வர வேண்டிய நாளில் வராத கப்பலைப் பற்றிச் செய்தி வந்ததும் அடிப்பார்கள். மூழ்கிவிட்டது என்றால் ஓர் அடி. பத்திரமாக வந்துவிட்டது என்றால் இரண்டு. இது சடங்குக்காக வந்த வழக்கமல்ல. காணாமல்போன கப்பலின் காப்பீட்டை, பயந்துபோனவர்கள் அடுத்தவரிடம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருவனுக்கு மட்டும் செய்தி முன்னால் தெரிந்தால் மற்றவன் ஏமாந்தான். மணி அடித்தால் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே நொடியில் தெரியும். மூழ்கிய கப்பலுக்காகக் கடைசியாக 1979-ல் அடித்தது, தாமதித்து வந்த கப்பலுக்காக 1989-ல்.

மீதித் தங்கத்தை விட்டுவிட யாருக்கும் மனமில்லை. நீரடிக் கோபுரம் இறக்கிப் பார்த்தார்கள், மணலை உறிஞ்சிப் பார்த்தார்கள். 1938-ல் கரிமாட்டா என்ற ராட்சச தூர்வாரிக் கப்பலைக் கொண்டுவந்தார்கள். இன்றைய இந்தோனேசியாவில் வெள்ளீயம் தோண்டுவதற்காகக் கட்டி, அங்கே அனுப்பத் தயாராக இருந்த கப்பல் அது. போகிற வழியில் இதையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கணக்கு. கோடைக்காலத்தில் மலைமலையாக மணலை அள்ளிச் சலித்தது. பீரங்கிகளும் குண்டுகளும் கொஞ்சம் நாணயங்களும் வந்தன. தங்கக் கட்டி ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. அப்புறம் கரிமாட்டா தன் சொந்த வேலைக்கு, வெள்ளீயம் தோண்டக் கிழக்கே போய்விட்டது.